வெடித்த இசைத்தட்டும் முழு நட்டமும்

பார்சல் கந்தோரில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவர் போன கிழமை என்னைக் கண்டு ஒரு கேள்வி கேட்டார். இன்ரநெற்றில் விலை கூடிய பழஞ்சாமான் வாங்குகிறவர்கள், கப்பலிலோ லொறியிலோ வரும் வழிக்குக் காப்புறுதி போடவா வேண்டாமா என்று கேட்டால் என்ன சொல்வது என்பதுதான் கேள்வி. ஓய்வு பெற்றவளிடம் ஒருவர் வேலைபற்றிக் கேட்பதே அரிது, அதை ஒரு சொல்லில் முடித்து அனுப்ப எனக்கு மனமில்லை. "போடச் சொல்லுங்கள்" என்றால் உங்கள் மேலதிகாரி மகிழ்வார். "வேண்டாம்" என்றால் என்னை இனிமேல் கந்தோர்ப் பக்கம் விடமாட்டார். அதனால் இங்கே எழுதுகிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

இப்போது உங்களுக்கு அது சின்ன வேலை. திரையில் ஒரு பெட்டிக்குள் சரி அடையாளம் போட்டால் காப்புறுதி ஆகிவிடும். வாங்குகிறவரும் வாசிப்பதில்லை, நீங்களும் வாசிப்பதில்லை. எங்கள் காலத்துக் கவுண்டரில் அது வாயால் சொல்லிச் செய்கிற வேலை. கட்டுப்பணத்தைக் கையில் வாங்குவதற்கு முன்னால், எதற்கெல்லாம் கம்பனி பணம் தராது என்பதை வாடிக்கையாளருக்கு உரத்து வாசித்துக் காட்டுவேன். அப்படிச் செய்யச் சொல்லி எந்தச் சுற்றறிக்கையும் வரவில்லை. யுத்தம் மறுபடி மூண்டிருந்த நேரம், "யுத்தத்தால் ஏற்படும் சேதம் தவிர" என்ற வரியை வாசிக்காமல் பணம் வாங்கினால் வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்காது.

எங்கள் கந்தோர் திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்தது. கொழும்பிலிருந்து பார்சல்கள் லொறியில் ஹபரணை, கந்தளாய் வழியாக வரும். வழி நெடுகச் சோதனைச் சாவடி. ஒவ்வொன்றிலும் இறக்கு, திற, காட்டு, ஏற்று. ஆகவே எங்கள் ஊருக்கு வரும் சாமானைப் பொதி செய்வதில் ஒரு தனிப் பழக்கம் உண்டாகியிருந்தது. மற்ற ஊர்களில் திறக்க முடியாதபடி கட்டுவார்கள். நாங்கள் திறப்பதற்காகவே கட்டினோம். ஆணி இல்லை, ஒட்டு நாடா இல்லை. காட்போட் பெட்டி, அதன்மேல் சணல் கயிறு, இழுத்தால் அவிழும் முடிச்சு. லொறிச் சாரதியே இறங்கி நின்று, சிப்பாய் கேட்க முன்னமே முடிச்சை இழுத்து, உள்ளே இருப்பதைத் தானே தூக்கிக் காட்டிவிட்டுத் திரும்பக் கட்டுவார். இறுக்கிப் பூட்டிய பெட்டியைக் கண்டால்தான் சந்தேகம் வரும். எங்கள் கண்ணாடிச் சாமான்கள் பெரும்பாலும் உடையாமல் வந்தது அந்த முடிச்சால்தான்.

கொழும்புத் தலைமைக் கந்தோருக்கு இது புரியவேயில்லை. காப்புறுதி போட்ட பார்சல் என்றால் மரப்பெட்டி, நாலு பக்கமும் ஆணி, மேலே பெறுமதி எழுதிய சிவப்புச் சீட்டு என்பது அவர்களுடைய சட்டம். நான் எத்தனையோ தடவை தொலைபேசியில் சொல்லிப் பார்த்தேன். குளிரூட்டிய அறையில் இருந்தவர்களுக்கு நான் சொன்னது ஒரு பெண்பிள்ளையின் பயமாகத்தான் கேட்டது. எனக்கு அப்போது வந்த கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை.

காப்புறுதியே கூடாது என்று நான் சொல்வதாக நினைக்காதீர்கள். பாலையூற்றில் இருந்த ஒரு வங்கி உத்தியோகத்தர் பழைய கைக்கடிகாரங்கள் சேர்ப்பவர். அவருக்கு வந்த ஒன்று வழியில் காணாமல் போனது. காப்புறுதி இருந்தது, பணம் வந்தது, அதே மாதிரிக் கடிகாரம் ஒன்றை வேறொருவரிடம் வாங்கினார். எனக்குக் கேக்கும் கொண்டுவந்து தந்தார். அவருக்குக் காப்புறுதி சரி. அதை மனதில் வைத்துக்கொண்டு மற்றக் கதையைக் கேளுங்கள்.

அன்புவழிபுரத்தில் செல்லத்துரை அண்ணை என்று ஒருவர் இருந்தார். கோயில் திருவிழாவுக்கும் கலியாண வீட்டுக்கும் ஒலிபெருக்கி வாடகைக்குக் கொடுப்பவர். ஊரில் எல்லாருக்கும் அவர் 'சவுண்ட்ஸ்' செல்லத்துரை. பழைய இசைத்தட்டுகளை அலுமாரி நிறையச் சேர்த்து வைத்திருந்தார். அவருடைய மனைவி இராசமணி அக்கா கலியாணத்துக்கு முன், இளம் பெண்ணாக இருந்தபோது, கொழும்பில் ஓர் இசைத்தட்டில் பாடியவர். எங்கள் ஊர்க் கோயில் கோணேசர் மேல் அவருடைய மாமா கட்டிய பாட்டு. ஒரே ஒரு பாட்டு, அதோடு சரி. அவர்களிடம் இருந்த ஒற்றைத் தட்டும் முந்திய கலவரமொன்றில் வீட்டோடு எரிந்துபோனது. அதன் பிறகு செல்லத்துரை அண்ணை தட்டுகள் சேர்த்ததெல்லாம் அந்த ஒன்று எங்காவது அகப்படுமா என்றுதான்.

இராசமணி அக்காவுக்குப் பாரிசவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்தன, பேச்சும் நின்றது. சொல்வது எல்லாம் விளங்கும், கண்ணால் பதில் சொல்வார், ஆனால் ஒரு சொல் வெளியே வராது. தண்ணீர் என்று கேட்க முடியாமல் கோப்பையைத் தட்டி விழுத்துவார். விழுத்திவிட்டு அழுவார்.

அந்த நேரம் பார்த்து லண்டனில் இருந்த மகன் இன்ரநெற் ஏலமொன்றில் அந்தத் தட்டைக் கண்டுபிடித்தான். பினாங்கில் ஒரு பழஞ்சாமான் வியாபாரியிடம் இருந்தது. போட்டி போட்டு, தன் சக்திக்கு மிஞ்சிய விலைக்கு எடுத்துவிட்டான். கொழும்பு வரை விற்றவரின் பொறுப்பு. கொழும்பிலிருந்து எங்கள் லொறி. அந்தத் துண்டு வழிக்குக் காப்புறுதி போடுவதா என்பதுதான் கேள்வி. மகன் போடச் சொல்லி அடம்பிடித்தான். தகப்பன் என்னிடம் வந்தார்.

நான் வழக்கம்போல உரத்து வாசித்தேன். பிறகு இரண்டு வழியையும் சொன்னேன். காப்புறுதி போட்டால் மரப்பெட்டி, ஆணி, சிவப்புச் சீட்டு. போடாவிட்டால் எங்கள் சாரதியின் கையில், கயிற்றுப் பெட்டியில், அவருடைய இருக்கைக்குப் பின்னால். அந்தத் தட்டுகள் அரக்கில் செய்தவை, கீழே விழுந்தால் ஓடு மாதிரி உடையும். அது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

"அண்ணை, ஒண்டு கேக்கிறன். வழியில ஏதும் நடந்தா உங்களுக்கு என்ன வேணும், காசோ, தட்டோ?"

அவர் மேசையில் விரலால் தட்டிக்கொண்டே நின்றார். "ரெண்டும் வேணும் பிள்ளை. அது பொடியன் கடன்பட்டு எடுத்தது. இவவைக் கொழும்புக்குக் கொண்டுபோய்ப் பேச்சுப் பயிற்சி குடுக்க வேணும் எண்டும் டொக்டர் சொல்லுறார். தட்டுப் போனாலும் அந்தக் காசு மிஞ்ச வேணும்."

என்னுடைய எண்ணத்தை ஒரு தடவை சொன்னேன், காப்புறுதி வேண்டாம், கயிற்றுப் பெட்டியில் வரட்டும் என்று. அவர் யோசித்துவிட்டு மகன் சொன்னபடியே செய்யச் சொன்னார். அதற்குமேல் நான் வற்புறுத்தவில்லை. பொருள் அவருடையது, கடன் அவருடைய மகனுடையது, முடிவெடுக்கும் உரிமையும் அவர்களுடையதுதான். இதையும் குறித்துக்கொள்ளுங்கள். தெரிந்ததை முழுதாகச் சொல்வது நம் வேலை, அவருக்காக முடிவெடுப்பது நம் வேலை இல்லை.

நான் பயந்தது அப்படியே நடந்தது. கந்தளாய் தாண்டி ஒரு சாவடியில், முதல் நாள் அந்தப் பக்கம் குண்டு வெடித்திருந்ததால், எல்லாவற்றையும் பிரித்தார்கள். கயிற்றுப் பெட்டிகளைச் சாரதி தானே அவிழ்த்துக் காட்டினார், போயின. மரப்பெட்டியைத் திறக்க அவரிடம் ஒன்றும் இல்லை. ஓர் இளம் சிப்பாய் இரும்புக் கம்பியை மூடிக்குள் கொடுத்து நெம்பினான். ஆணி ஒரேயடியாகக் கழன்றபோது கம்பி உள்ளே இறங்கிவிட்டது. அந்தச் சிப்பாய்க்கு முகம் வெளிறிப்போனது என்றும், "சமாவென்ன, சமாவென்ன" என்று சிங்களத்தில் மன்னிப்புக் கேட்டான் என்றும் சாரதி சொன்னார். பெட்டிக்குள் குண்டு இருக்கும் என்று அவன் பயந்திருக்கிறான். அவனைத் திட்ட எனக்கு இன்றைக்கும் வாய் வருவதில்லை.

கந்தோரில் வைத்துப் பிரித்துப் பார்த்தோம். தட்டு இரண்டாகப் போகவில்லை. விளிம்பிலிருந்து உள்நோக்கிப் பாதி தூரத்துக்கு ஒரு வெடிப்பு, மயிர் அளவு. செல்லத்துரை அண்ணை அதன் மேல் விரலை வைத்துத் தடவிப் பார்த்தார். மறுபக்கம் திருப்பி, ஒட்டியிருந்த தாளில் மனைவியின் பெயர் இருக்கிறதா என்று பார்த்தார். பெயர் இருந்தது. பிறகுதான் கதிரையில் இருந்தார்.

நான் அவருக்கு இன்னொன்று சொல்லவேண்டியிருந்தது. நட்டஈடு கேட்பதானால், கம்பனியின் மதிப்பீட்டாளர் வந்து பார்க்கும் வரை தட்டை உபயோகிக்கக் கூடாது. போட்டுக் கேட்டு அதனால் இன்னும் உடைந்தது என்று சொல்லிக் கையை விரித்துவிடுவார்கள். அவர் தலையாட்டிவிட்டு, தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓட்டோவில் ஏறினார்.

அதன் பிறகு நடந்ததுதான் கொடுமை. சாவடியில் உடைந்தது யுத்தச் சேதமா, சாதாரணச் சேதமா என்று கொழும்பில் ஒரு பெரிய கதை ஓடியது. நான் விடாமல் எழுதினேன், தொலைபேசியில் சண்டை பிடித்தேன். உங்கள் ஆணிதான் உடைத்தது என்று ஒரு நாள் சொல்லியும் விட்டேன். இடையில் பாதையும் அடிக்கடி மூடியது. தட்டு அலுமாரிக்குள். அதைப் போடும் பாட்டுப்பெட்டி பக்கத்து மேசையில், தூசி தட்டி, ஊசி மாற்றி, ஆயத்தமாக. இராசமணி அக்கா கட்டிலில் இருந்தபடி அந்த அலுமாரியையே பார்த்துக்கொண்டிருப்பாராம். செல்லத்துரை அண்ணை சந்தைக்குப் போகும் சாட்டில் கந்தோருக்கு வந்து, தட்டைப் பாக்க எப்ப வருவினம் என்று கேட்பார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

கடைசியில் கம்பனி ஒத்துக்கொண்டது. முழு நட்டம், முழுப் பணம். ஆனால் ஒரு நிபந்தனை. முழுப் பணம் கொடுத்தால் உடைந்த பொருள் கம்பனிக்குச் சொந்தம். மதிப்பீட்டாளர் அதைக் கையோடு எடுத்துப்போவார். இது நம் தொழிலில் எங்கும் உள்ள வழக்கம்தான். மோட்டார் வண்டிக்கும் இதே சட்டம்தான். நான் அதையும் முதலிலேயே அவருக்கு வாசித்திருந்தேன், ஆனால் யாருக்குத்தான் அந்த வரி மனதில் நிற்கும்.

"உடைஞ்ச தட்டை வச்சு அவங்கள் என்ன செய்யப்போறாங்கள் பிள்ளை?" என்று கேட்டார்.

ஒன்றும் செய்யமாட்டார்கள், ஒரு களஞ்சிய அறையில் போட்டுவைத்து வருஷ முடிவில் அழிப்பார்கள் என்று உள்ளதைச் சொன்னேன். அன்றைக்கு அவர் போன பிறகு நான் வேலை ஒன்றும் செய்யவில்லை.

மதிப்பீட்டாளர் ஒரு காலை நேரம் வந்தார். கொழும்பு வெள்ளவத்தையில் குடியிருந்த, மரியாதையான ஒரு தமிழர். பின்னேரம் பாதை மூட முன் திரும்பிவிட வேண்டும் என்ற அவசரம் அவருக்கு. நான்தான் அவரை அன்புவழிபுரத்துக்குக் கூட்டிப்போனேன். முன்னறையில் கட்டில், அதில் தலையணையில் சாய்ந்தபடி இராசமணி அக்கா. மதிப்பீட்டாளர் தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், வெடிப்பை அளந்தார், படம் எடுத்தார். பிறகு கையளிப்புப் பத்திரத்தை எடுத்து மேசையில் வைத்தார். செல்லத்துரை அண்ணை பேனாவை வாங்கினார். மனைவி இருந்த பக்கம் அவர் திரும்பவேயில்லை.

அந்த இடத்தில் நான் என்ன செய்யவேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. நான் கம்பனியின் சம்பளம் வாங்குகிறவள். வாடிக்கையாளர் கேட்டதோ பணம், அது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. வாயை மூடிக்கொண்டு நின்றால் எல்லாரும் சட்டப்படி திருப்தியாகப் போய்விடலாம். வாயைத் திறந்தால் அவர் கைக்கு வரும் பணம் குறையலாம், பிறகு அந்த வீட்டுப் படி நான் ஏற முடியாது. ஆனால் முழு நட்டம் என்று எழுதுகிறோமே, அது உண்மைதானா என்று அங்கே ஒருவரும் பார்க்கவில்லை. நம் தொழிலில் அதைவிடப் பெரிய பிழை இல்லை.

"ஐயா, கையெழுத்து வைக்க முதல் ஒருக்காப் போட்டுக் கேக்கவேணும். பாடுற தட்டெண்டா அது முழு நட்டம் இல்லை."

மதிப்பீட்டாளர் மணிக்கூட்டைப் பார்த்தார். செல்லத்துரை அண்ணை என்னைப் பார்த்த பார்வையில் கோபமா, வேறு எதுவுமா என்று எனக்குப் பிடிபடவில்லை. பேனாவை மேசையில் வைத்தார். வெடித்த தட்டைப் போட்டால் இன்னும் பிளக்கலாம் என்று மதிப்பீட்டாளர் சொன்னார். பிளந்தால் அது கம்பனியின் கணக்கில் போகும், நீங்களே பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள் என்றேன். மறுபடி மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, போடுங்கள் என்றார்.

வாழ்நாள் முழுக்கத் தட்டுப் போட்ட மனிதர் அன்று ஊசியை இரண்டு கையாலும் பிடித்து வைத்தார். முதலில் இரைச்சல். பிறகு வெடிப்பில் ஊசி ஏறும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு 'டக்'. அந்த டக் டக்கென்ற சத்தத்துக்குப் பின்னால் ஒரு பெண்பிள்ளையின் குரல், மெல்லியதாக, நல்ல சுருதியில். மதிப்பீட்டாளர் உதட்டைப் பிதுக்கினார். இது கேட்கக்கூடியது இல்லை என்று அவர் எழுதத் தொடங்கியதை நான் பார்த்தேன்.

வெடிப்பு பாதித் தூரத்துக்குத்தான் என்று சொன்னேன் அல்லவா. ஊசி உள்ளே போகப் போக, வெடிப்பு முடியும் இடம் வந்தது. டக் டக் நின்றது. குரல் மட்டும் தெளிவாக வந்தது. நான் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஆனால் சத்தம் இரண்டு இடத்திலிருந்து வருவது போல இருந்தது. திரும்பிப் பார்த்தேன். இராசமணி அக்காவின் இடது கை போர்வையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. வாய் திறந்திருந்தது. கரகரத்த குரலில், சொல் பிசகாமல், அவர் பாடிக்கொண்டிருந்தார்.

மாதக்கணக்கில் தண்ணீர் என்று சொல்ல முடியாதவர் கோணேசரின் பெயரைச் சொன்னார். அடுத்த அடியையும் சொன்னார். செல்லத்துரை அண்ணை பெட்டியைப் பிடித்தபடி அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். பாரிசவாதத்தில் பேச்சுப் போனவர்கள் சிலரால் பாட்டு மட்டும் பாட முடியும், மூளையில் அதற்கு வேறு வழி இருக்கிறது என்று பிறகு டொக்டர் விளக்கினார். அன்றைக்கு எங்களுக்கு ஒரு விளக்கமும் தேவைப்படவில்லை.

தட்டு முடிந்து ஊசி சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. அதைத் தூக்க யாருக்கும் நினைவில்லை. மதிப்பீட்டாளர்தான் எழுந்து போய்த் தூக்கி வைத்தார். பிறகு தன் தொழிலைச் செய்தார், அதற்காக அவரை நான் மதிக்கிறேன்.

"அண்ணை, இந்தத் தட்டைக் கலியாண வீட்டில போடலாமா?"

"ஏலாது ஐயா."

"வீட்டில போடலாமா?"

செல்லத்துரை அண்ணை நிலத்தில் இருந்தபடியே மனைவியைப் பார்த்தார். "ஓம்" என்றார்.

மதிப்பீட்டாளர் கையளிப்புப் பத்திரத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். பகுதிச் சேதம் என்று எழுதினார். பகுதிப் பணம்தான் வந்தது. மகனின் கடனை அது முழுதாக அடைக்கவில்லை, அவன் இன்னும் சில காலம் இரவு வேலைக்கும் போனான். தட்டு வீட்டிலேயே இருந்தது. கொழும்புக்குக் கொண்டுபோகாமலே திருகோணமலை ஆஸ்பத்திரியில் ஒரு பேச்சுப் பயிற்சிக்காரப் பிள்ளை இராசமணி அக்காவுக்குப் பாட்டு வழியாகச் சொல் பழக்கினாள். கொஞ்ச நாளில் தண்ணீர் கேட்பதையும் ராகத்தில் கேட்கத் தொடங்கிவிட்டார். செல்லத்துரை அண்ணை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். போடு என்றும் சொல்லாதீர்கள், போடாதே என்றும் சொல்லாதீர்கள். போனால் உங்களுக்குக் காசு போதுமா, இல்லை அந்தப் பொருளேதான் வேண்டுமா என்று கேளுங்கள். காசு போதும் என்பவருக்குக் காப்புறுதி நல்லது, மனமாரச் செய்துகொடுங்கள். பொருளேதான் வேண்டும் என்பவருக்குப் பொதியில், வழியில், கொண்டுவரும் ஆளில் கவனம் வையுங்கள். இரண்டும் வேண்டும் என்று சொல்லி மேசையில் விரலால் தட்டுகிறவர் வந்தால், அவருக்கு ஒரு கதிரை கொடுத்து நேரமெடுத்துப் பேசுங்கள். பின்னால் வரிசை நின்றால் நிற்கட்டும்.

சில மாதம் கழித்துச் செல்லத்துரை அண்ணை மறுபடி கவுண்டருக்கு வந்தார். லண்டனுக்கு மகனுக்கு அனுப்ப ஒரு கசற். பெட்டியில் தட்டைப் போட்டு, அதோடு சேர்ந்து இராசமணி அக்கா பாடியதையும் பதிவு செய்திருந்தார். முதலில் டக் டக், பிறகு இளம் பெண்ணின் குரல், அதனோடு கிழவியின் குரல். கயிற்றில் கட்டி, இழுத்தால் அவிழும் முடிச்சுப் போட்டே கொண்டுவந்திருந்தார். நான் வழக்கப்படி, காப்புறுதி போடுவமோ அண்ணை என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "வேண்டாம் பிள்ளை. இது உடைஞ்சா அவ இன்னொருக்காப் பாடுவா."